வளைவில் யோசிக்கும் கார்

ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவைத் திரும்பி முடிக்கிற இடத்தில்தான் என் கார் யோசிக்க ஆரம்பிக்கும். வளைவுக்காக வேகத்தைக் குறைத்திருப்பேன். திரும்பியதும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பேன். ஒன்றும் நடக்காது. என்ஜின் முனகும், வண்டி ஊரும், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்துவேன். அப்போது திடீரென்று கியர் இரண்டு படி இறங்கி, யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டது போலப் பாயும். பயந்துபோய்க் காலை எடுப்பேன். தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். அடுத்த வளைவிலும் இதே கதைதான்.

பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். தாழ்ந்த உடம்பு, அகலமான சக்கரம், பின்பக்கம் சின்னதாக ஓர் இறக்கை. ஸ்போர்ட்ஸ் செடான் என்று சொல்லித்தான் விற்றார்கள். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி கிளட்ச் மிதிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, சேலத்தில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கினேன். சமவெளியில் ஓட்டிப் பார்த்தபோது குறை தெரியவில்லை. மலைதான் காட்டிக்கொடுத்தது.

வாங்கிய கையோடு, மகள் வீட்டிலிருந்து வந்த என் மனைவியை அதில் மேலே அழைத்து வந்தேன். பாதி வழிக்குள் அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது. கடைசியாக நிறுத்திய இடத்தில் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "ஏனுங்க, இனிமே இந்த வண்டில நான் மலையேற மாட்டேனுங்க" என்றாள்.

சொன்னபடியே ஏறவில்லை. ஒரு வருஷம் போனது. இரண்டாவது வருஷமும் பாதி போனது.

நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சேலத்தில் ஒரு நூல் மில்லில் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். கரடியூர் போகிற வழியில் ஒரு துண்டு காப்பித் தோட்டமும் அதற்குள் ஓட்டு வீடும் வாங்கினோம். இருவரும் பார்த்து, இருவருக்கும் பிடித்துத்தான் வாங்கினோம். குடிவந்த மறு வருஷம் ஓசூரில் இருக்கும் எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள் மனைவி. பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

நானும் அங்கே போய் இருந்து பார்த்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடி. காலையில் எல்லோரும் கிளம்பியதும் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். கீழே நிற்கும் கார்களின் கூரைகள் தெரியும். மின்விசிறி சத்தம் போட்டால் கழற்றிச் சரிசெய்வேன், குழாய் சொட்டினால் வாஷர் மாற்றுவேன். ஒரு மாதத்தில் அந்த வீட்டில் சரிசெய்ய எதுவும் மிச்சமில்லை. தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். போகாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை.

மலையில் தனியாக இருப்பது பகலில் பெரிய கஷ்டமில்லை. மிளகுக் கொடியைப் பார்க்கலாம், குரங்கை விரட்டலாம். மாலையில் மஞ்சு இறங்கிவிட்டால் எதிர்ச் சரிவு மறையும், பிறகு வேலி மறையும், கடைசியில் வாசலில் நிற்கும் சில்வர் ஓக் மரமும் மறைந்துவிடும். அப்போது வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டால், இந்த உலகத்திலேயே அந்த ஓர் அறை மட்டும்தான் மிச்சமிருப்பது போலத் தோன்றும். சில நாட்களில் போன் அடித்து எடுத்துப் பேசும்போதுதான் என் தொண்டை கட்டியிருப்பது தெரியும். காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டேன். "சளியா?" என்று மனைவி கேட்பாள். "ஆமாம்" என்பேன்.

அப்படி ஒரு நாளில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அவள் வராததற்குக் காரணம் கார். காரைச் சரிசெய்துவிட்டால் வருவாள். மில்லில் எத்தனையோ இயந்திரங்களை ஓடவைத்தவனுக்கு இது முடியாதா?

ஒண்டிக்கடை என்ற சந்திப்பில் கார், ஜீப்பு, எஸ்டேட் வண்டி எல்லாம் பார்க்கும் பட்டறை ஒன்று உண்டு. நடத்துகிறவர் சேலத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரையும் போல நானும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கினார்.

"பிக்கப் நொம்பக் கம்மிங்க சார். ஆனா ஆட்டோமேட்டிக்குன்னா இப்படித்தாங்க இருக்கும். நாம மிதிக்கறோம், அது யோசிக்குது."

"யோசிக்கட்டும் பாய். இவ்வளவு நேரமா யோசிக்கிறது?"

சிரித்தார். "காத்து பத்தலீன்னு நெனைக்கறேனுங்க. ரேஸ் வண்டிக்குப் போடற ஃபில்டர் ஒண்ணு இருக்குது. போட்டுப் பாத்துரலாங்களா?"

போட்டோம். கூம்பு வடிவத்தில் சிவப்பாக ஒரு ஃபில்டர். காரின் குரல் மாறியது. மிதித்தால் புலி உறுமுவது போல ஒரு சத்தம். வேகம் மட்டும் அப்படியேதான் இருந்தது. சொல்லப்போனால் ஏற்றத்தில் இன்னும் மந்தமானது. என்ஜினைச் சுற்றியுள்ள சூடான காற்றையே அது உறிஞ்சிக்கொள்கிறது என்று இரண்டு பேருக்கும் பிறகுதான் புரிந்தது.

அந்தச் சத்தத்தோடு வீட்டுக்குப் போன மாலையில், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலி ஓரம் வந்து நின்றார். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். சாமையும் காப்பியும் போடுகிறவர். பேச்சு கொஞ்சம்தான்.

"பெரிய வண்டி சத்தம் கேட்டுதுங்க. ஊட்டு அம்மா வந்துட்டாங்களாட்ட இருக்குதுன்னு பாக்க வந்தேன்."

"இல்லைங்க. ஃபில்டர் மாத்தினேன்."

"அப்படிங்களா" என்று கொஞ்ச நேரம் காரையே பார்த்தார். பிறகு வந்த வழியே போய்விட்டார்.

அடுத்த நாள் பழைய ஃபில்டர் பெட்டியையே திரும்ப மாட்டச் சொன்னேன். உள்ளே இருந்த காகித ஃபில்டர் தூசியிலும் இலைத் துகளிலும் கறுத்துப்போயிருந்தது. அதற்குப் பதிலாக அதே மாதிரி புதியதைப் போட்டோம். "இனிமே ஒண்ணொண்ணாப் பாக்கலாம் பாய். ஒண்ணைச் சரி பண்ணி, ஓட்டிப் பாத்துட்டு, அப்புறம் அடுத்தது" என்றேன். மில்லில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். பாய் தலையாட்டினார்.

அதன் பிறகு தினமும் பட்டறைக்குப் போக எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. காலையில் தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போவேன். முதலில் என்ஜினுக்குக் காற்று போகும் வாயைக் கழற்றினோம். த்ராட்டில் என்று அதைச் சொல்வார்கள். அதன் தகடு முழுக்கக் கரி, தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரி. மருந்தடித்துத் துணியால் துடைத்துத் துடைத்து, உலோகம் வெளுக்கும்வரை விடவில்லை. பிறகு பிளக்குகளை மாற்றினோம். பிறகு கியர் பெட்டியின் ஆயில். பழைய உரிமையாளர் அதைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது. வடிந்தபோது டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது, கருகிய வாடை அடித்தது.

"இதுக்கு ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேண்டாம்னு சொல்லி வித்திருப்பாங்க" என்றேன்.

"ஆருடைய ஆயுசுக்குன்னு சொல்லியிருக்க மாட்டாங்க சார்" என்றார் பாய்.

ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

மத்தியானம் பாயின் வீட்டிலிருந்து டிபன் கேரியர் வரும். முதல் இரண்டு நாள் நான் கடையில் சாப்பிடப் போவதாகச் சொல்லி நழுவினேன். மூன்றாவது நாள் கேரியரில் ஓர் அடுக்கு கூடியிருந்தது. பட்டறை வாசலில் பழைய டயர் மேல் உட்கார்ந்து சாப்பிடுவோம். எதிரே சுற்றுலா வந்தவர்கள் பலாச்சுளை வாங்கிக்கொண்டு நிற்பார்கள். குடும்பம் குடும்பமாக வேனிலிருந்து இறங்குவார்கள். இரண்டு பேராக வருகிறவர்களை நான் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பேன்.

ஆயில் மாற்றியதில் பாதிக் குறை தீர்ந்தது. அடுத்து எடையைப் பார்த்தோம். டிக்கியைத் திறந்த பாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பாதி மூட்டை சிமென்ட், களைவெட்டி, தண்ணீர்க் குழாய்ச் சுருள், ரிப்பேருக்கென்று ஏற்றி, இறக்க மறந்த கிரைண்டர். "ஒரு ஊட்டையே ஏத்திக்கிட்டு மலையேறச் சொன்னா அது என்னங்க பண்ணும்?" என்றார். எல்லாவற்றையும் இறக்கினோம். சக்கரமும் ஒரு காரணம்தான். அழகுக்காகப் பழைய உரிமையாளர் மாட்டியிருந்த பெரிய கனத்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கம்பெனி கொடுத்த அளவிலேயே லேசானவற்றைச் சேலத்திலிருந்து வரவழைத்து மாட்டினோம். கார் கொஞ்சம் சாதுவாகத் தெரிந்தது. ஓட்டினால் நேர் எதிர்.

கடைசியாகத் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. மிதிக்கும் பெடலுக்கும் அதிலிருந்து போகும் ஒயருக்கும் நடுவே செருகிவிட வேண்டும். அதனால் என்ஜினுக்குப் புதிதாகப் பலம் எதுவும் வராது. கால் சொல்வதை அதன் காதில் கொஞ்சம் சீக்கிரம் போட்டுவைக்கும், அவ்வளவுதான். பாய் அதை உச்சத்தில் வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். லேசாகத் தொட்டதற்கே கார் துள்ளியது.

"இது வேண்டாம் பாய். குறைங்க."

"ஏனுங்க, வேகந்தானே கேட்டீங்க?"

"வேகம் வேண்டாம். உலுக்கக் கூடாது. கேட்டதும் கிளம்பணும், ஆனா உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது."

பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆருக்குங்க சார் இது?"

சொன்னேன். தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து நின்றதைச் சொன்னேன். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. பாய் குனிந்து பெட்டியின் அளவைக் குறைத்தார்.

அன்று இருவரும் வாழவந்தி பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனோம். கியர் பிடியை ஓரமாகத் தள்ளி, வளைவுக்கு முன்பே நாமாக இரண்டாம் கியருக்கு இறக்கி வைத்துக்கொண்டால் கார் யோசிக்க வேண்டியதே இல்லை என்று ஒரு வளைவில் கண்டுபிடித்தோம். அடுத்த வளைவில் செய்து பார்த்தேன். மிதித்தேன், கிளம்பியது. அவ்வளவுதான். எதுவும் நடந்தது போலவே இல்லை. பாய் மடியில் வைத்திருந்த கிளாஸிலிருந்து டீ சிந்தவில்லை. "அம்மாவ வரச் சொல்லுங்க சார்" என்றார்.

மனைவி வந்தாள். மகளுக்கு அலுவலகத்தில் சில நாள் விடுமுறை கிடைத்தது. சேலம் புதிய பஸ் நிலையத்தில் ஓசூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவளைப் பார்த்தபோது, முடி இன்னும் நரைத்திருந்தது, முகம் பூரிப்பாக இருந்தது. கையில் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும். அடிவாரம் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஒவ்வொரு வளைவையும் பாலைத் தூக்கிக்கொண்டு நடப்பவன் போலத் திரும்பினேன். பாதி மலைக்கு மேல் வந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டமா?"

"பாதிக்கு மேல."

"வண்டி உலுக்கவே இல்லீங்களே இன்னிக்கு!"

ஃபில்டரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒண்டிக்கடை வரும்வரை சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஒரு வாரம் இருப்பதாகத்தான் பேச்சு. வந்ததும் வீட்டைக் கூட்டிக் கழுவினாள். என் போர்வைகளை அலசிப் போட்டாள். கொள்ளு ரசம் வைத்தாள். எங்கள் வீட்டில் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில்தான் போனில் முகம் பார்த்துப் பேசும் அளவுக்குச் சிக்னல் கிடைக்கும். மாலையானால் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றுவிடுவாள். "கண்ணு, சாப்ட்டியா சாமி? இன்னிக்கு மிஸ்ஸு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். மஞ்சு அவளைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். அவள் உருவம் மங்கி, போன் வெளிச்சம் மட்டும் தெரியும்.

மூன்றாம் நாள் அப்படிப் பேசிவிட்டு உள்ளே வந்தவள், கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடுபடுத்திக்கொண்டாள். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?"

"சொல்லு புள்ள."

"அன்னிக்கு வாந்தி வந்தது நெசந்தானுங்க. ஆனா அதுக்காக நான் வராம இருக்கலீங்க."

என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அங்க காலைல புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, நாங்க ஏழெட்டுப் பேரு கீழ பார்க்ல நடக்கறமுங்க. கன்னடம் பேசறவங்க, தெலுங்கு பேசறவங்க எல்லாம் இருக்காங்க. எனக்கே இப்பக் கொஞ்சம் கன்னடம் வருது. சாயங்காலம் பஜனைக்குப் போறமுங்க. இங்க நாலு மணிக்கு மேல ஒரு மனுச மக்க மூஞ்சியப் பாக்க முடியலீங்க. மொத வருசம் புடிச்சுத்தான் இருந்தேன். பொய் சொல்லல. இப்ப முடியலீங்க."

"நான் இருக்கேனே" என்றேன்.

"நீங்க இருக்கீங்க" என்றாள். அதைச் சொன்ன விதத்தில் கோபமில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை காப்பிச் சூட்டோடு இருந்தது. "உங்களுக்கு அங்க ஆகாது, நானே பாத்தேன். எனக்கு இங்க ஆகலை. இதுல ரெண்டு பேரு மேலயும் தப்பில்லீங்க. காரைத் தப்பாச் சொல்லிட்டேன், பாவம். அது நம்ம ரெண்டு பேருக்காகவும் திட்டு வாங்குச்சு."

ஓர் இயந்திரம் ஓடவில்லை என்றால் எங்கே கை வைப்பது என்று எனக்குத் தெரியும். இதில் கழற்றிப் பார்க்க எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, வெவ்வேறு இடங்களில். அதை அவளிடம் சொல்லவில்லை. "எப்பப் போகணும்?" என்று மட்டும் கேட்டேன்.

"நாளைக்கி நாளன்னிக்கிப் போகட்டுங்களா? பாப்பா அழுவுது."

மறுநாள் முழுவதும் ஒன்றாகத் தோட்டத்தில் இருந்தோம். நான் ஏணியில் ஏறி மிளகு பறிக்க, அவள் கீழே சாக்கை விரித்துக் கொத்துகளிலிருந்து மணிகளை உருவினாள். அதிகம் பேசவில்லை. ஆனால் அவள் வந்த நாட்களிலேயே அதுதான் எனக்குப் பிடித்த நாள்.

அதற்கு அடுத்த நாள் கீழே இறங்கும்போது அவள் கண்ணை மூடவில்லை. சேலத்தில் ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். "சளி மாத்திரை தலமாட்டுல வெச்சிருக்கேனுங்க" என்றாள். பஸ் திரும்பி வெளியே போகும்வரை நின்றிருந்தேன்.

திரும்பி மலையேறும்போது கார் எவ்வளவு நன்றாக ஓடியது என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். ஒரு வளைவிலும் தயங்கவில்லை. ஒரு லாரியை முந்த வேண்டியிருந்தது. கேட்டதும் கிளம்பி, முந்தி, அடங்கியது. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். நானாகவே "பாத்தியா?" என்று சொல்லிவிட்டேன். காலி சீட்டிடம் பேசியது வெட்கமாக இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் கீழே சேலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயிலில் ஊர் வெளுத்துக் கிடந்தது. அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பட்டறையைத் தாண்டும்போது பாய் கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மா என்னங்க சொன்னாங்க?"

"வண்டி நல்லா இருக்குன்னாங்க."

காலியாக இருந்த பக்கத்து சீட்டைப் பார்த்தார். "பிரேக் கட்டை தேஞ்சிருக்குமுங்க. வர்ற வாரம் கொண்டாங்க, பாத்துரலாம்" என்றார். பிரேக் கட்டை புதிதுதான் என்று இருவருக்கும் தெரியும். சரி என்றேன்.

இப்போது மாதத்தில் ஒரு முறை நான் ஓசூர் போகிறேன். தங்குவது ஓர் இரவு. பேத்தியையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி அணை வரை போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருவோம். போன முறை நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு டேங்கர் லாரி நகர்ந்துகொண்டே போனது. வலது பக்கம் காலி. நான் வழக்கம்போல அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்த மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க யோசன? அமுத்துங்க!" என்றாள். அழுத்தினேன். பின்னால் பேத்தி கத்தினாள். மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை மனைவியும் பேத்தியும் பள்ளிக்கூட வேனுக்காகக் கீழே இறங்கினார்கள். நானும் கூடவே இறங்கி வண்டியை எடுத்தேன். அவளோடு நடக்கும் பெண்கள் பார்க் வாசலில் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்துக் கையைக் குவித்து வணங்கினார்கள். மனைவி அவர்களோடு சேர்ந்துகொண்டாள். நான் தனியாக மலைக்குத் திரும்பினேன். தொப்பூர் தாண்டும்வரை மழை பெய்துகொண்டே இருந்தது.